இணைய காலத்தில் தொழில்நுட்ப எழுத்தைக் கற்பிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொறியியல் அல்லது பாலிடெக்னிக் கல்லூரியின் ஆங்கிலத் துறையில் சேர்ந்த கையோடு, "டெக்னிக்கல் ரைட்டிங் பேப்பரை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று தலையில் கட்டப்பட்ட ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். கேள்விகள் அவர்களிடமிருந்தும் அவர்களுடைய மாணவர்களிடமிருந்தும் வந்தவை. பதில்களில் என் சாய்வு நன்றாகவே தெரியும்.

தொழில்நுட்ப எழுத்து என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் ஒரு வேலையைச் செய்து முடிக்கவோ ஒரு முடிவை எடுக்கவோ உதவும் எழுத்து எல்லாமே. மிக்சிப் பெட்டிக்குள் இருக்கும் கையேடு, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்த தாள், ஆய்வக ரெக்கார்டு நோட்டு, நிரல் எழுதுபவர்களுக்கான குறிப்புப் பக்கம், வங்கிச் செயலியில் பணம் அனுப்பும்போது பாதியில் வந்து நிற்கும் "பரிவர்த்தனை நிறைவடையவில்லை" என்ற ஒற்றை வரி, எல்லாம் இதில் அடக்கம். அந்த ஒற்றை வரியையும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதியிருக்கிறார் என்பது மாணவர்களுக்குப் புதிய செய்தி. பணம் கணக்கில் இருக்கிறதா, போய்விட்டதா, மறுபடி அனுப்பலாமா? இந்த மூன்றில் ஒன்றுக்குக்கூட அந்த வரியில் பதில் இல்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். பாடத்தை அங்கிருந்தே தொடங்கலாம்.

இணையம் வந்ததால் அப்படி என்ன மாறிவிட்டது? நல்ல எழுத்து எப்போதும் நல்ல எழுத்துதானே?

படிப்பவர் எந்த நொடியிலும் எழுந்து போய்விடலாம். அதுதான் மாற்றம். விடைத்தாள் திருத்துபவரால் அப்படிப் போக முடியாது. முதல் பக்கம் முழுக்க முன்னுரை, இரண்டாம் பக்கம் முழுக்கப் பொருளின் வரலாறு என்று நீட்டினாலும் அவர் கடைசிப் பக்கம்வரை வந்தே தீர வேண்டும். தாளுக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி உண்டு. பள்ளி தொடங்கிக் கல்லூரிவரை நம் மாணவர்கள் எழுதுவதெல்லாம் இந்த ஒரே வாசகருக்காகத்தான். ஓடிப்போகக்கூடிய வாசகரை அவர்கள் சந்தித்ததே இல்லை.

1997இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர்களான ஜேக்கப் நீல்சனும் ஜான் மோர்க்சும் இணையப் பக்கங்களை மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். 79 விழுக்காட்டினர் புதிய பக்கம் எதையும் மேலோட்டமாக மேய்ந்தார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 விழுக்காடு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தைப் பற்றிய ஒரு சுற்றுலாப் பக்கத்தை எடுத்துக்கொண்டு, சொற்களைப் பாதியாகக் குறைத்து, பட்டியலாகப் பிரித்து, விளம்பர வாடையை நீக்கிக் கொடுத்தபோது அந்தப் பக்கத்தின் பயன்பாடு அவர்களுடைய அளவுகோலில் 124 விழுக்காடு உயர்ந்தது. வகுப்பில் செய்து பார்க்க இது அருமையான பயிற்சி. உங்கள் கல்லூரி இணையதளத்தின் "எங்களைப் பற்றி" பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதற்குப் பஞ்சமே இருக்காது.

ஆனால் இணையம்தான் வாசகர்களைக் கெடுத்துவிட்டது என்று புலம்புபவர்களோடு நான் சேர மாட்டேன். 1980களிலேயே ஐபிஎம் ஆய்வு மையத்தில் ஜான் கேரல் என்பவர், புதிதாக வந்திருந்த சொல்தொகுப்பிகளை (வேர்டு பிராசசர்களை) அலுவலகப் பணியாளர்கள் கையேட்டை வைத்துக்கொண்டு கற்பதை உட்கார்ந்து கவனித்தார். யாரும் கையேட்டை வரிசையாகப் படிக்கவில்லை. முன்னுரையைத் தாண்டினார்கள், நடுவில் குதித்தார்கள், படிப்பதை விட்டுவிட்டுப் பொத்தான்களை அழுத்திப் பார்த்தார்கள். அவர் கையேட்டைச் சுருக்கி, உடனே செய்ய வேண்டிய வேலைகளை முன்னால் வைத்து, தவறு நேர்ந்தால் மீள்வது எப்படி என்பதைச் சேர்த்துக் கொடுத்தார். கற்பவர்கள் விரைவாகக் கற்றார்கள். ஆக, தாண்டிப் போகும் வாசகர் அச்சுக் காலத்திலும் இருந்தார். அவர் தாண்டியது எழுதியவருக்குத் தெரியாமல் இருந்தது. இன்று அது எண்ணிக்கையாகவே திரையில் வந்து நிற்கிறது.

இடையில் ஒரு செய்தி: 1991இல் செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ் லீ வெளியிட்ட உலகின் முதல் இணையதளமே ஒரு தொழில்நுட்ப ஆவணம்தான். உலகளாவிய வலை (வெப்) என்றால் என்ன, நீங்களும் ஒரு பக்கம் உருவாக்குவது எப்படி என்று விளக்கிய தளம் அது.

தேர்வில் "எட்டு வழிமுறைகள் எழுதுக" என்றுதானே கேட்கிறார்கள்? அதைக் கற்பித்தால் போதாதா?

அதையும் பழக்குங்கள், மதிப்பெண் மாணவருடையது, நம் கொள்கைக்காக அவர் அதை இழக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எட்டு எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். பதினாறு மதிப்பெண்ணை ஒன்றுக்கு இரண்டு வீதம் பிரித்தால் எட்டு. அதற்கு மேல் ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. டியூப்லைட்டின் ஸ்டார்ட்டரை மாற்ற நான்கு படிகள் போதும். லேத்தில் வேலைப்பொருளைப் பொருத்தப் பதினைந்து ஆகலாம். வேலைதான் எண்ணிக்கையைத் தீர்மானிக்க வேண்டும்.

"சமையல் எரிவாயு சிலிண்டரை மாற்ற எட்டு வழிமுறைகள்" என்று கொடுத்தால் வரும் விடை எனக்கு மனப்பாடம். ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ரெகுலேட்டரையே வாங்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடக்கூடாது. அவசரப்படக்கூடாது. ஏழு எழுதியபின் எட்டாவது கிடைக்காமல், "எப்போதும் கவனமாக இருக்க வேண்டும்." ஒரு வாக்கியத்தில்கூடத் தவறில்லை. ஆனால் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு யாராலும் சிலிண்டர் மாற்ற முடியாது. வால்வின் மூடியைக் கயிற்றைப் பிடித்து எப்படி இழுப்பது, உள்ளே ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று எப்போது பார்ப்பது, ரெகுலேட்டரின் கறுப்பு வளையத்தை எப்போது தூக்கி எப்போது விடுவது, இவற்றில் ஒன்றும் அதில் இல்லை. நன்னடத்தை இருக்கிறது, செய்முறை இல்லை.

செய்முறையை எழுதும் மாணவர்களிடமும் ஒரு கோளாறு திரும்பத் திரும்ப வரும். "ரெகுலேட்டரைக் கழற்றுங்கள். கழற்றும்போது அருகில் விளக்கு எதுவும் எரியக்கூடாது." படிப்பவரின் கை முற்றுப்புள்ளிக்குக் காத்திருக்கிறது, புள்ளி வந்ததும் வேலை செய்துவிடுகிறது. இரண்டாவது வாக்கியத்துக்கு அவர் வரும்போது ரெகுலேட்டர் கையோடு வந்திருக்கும், பக்கத்து அறையில் காமாட்சி விளக்கு எரிந்துகொண்டிருக்கும். எச்சரிக்கை எப்போதும் செயலுக்கு முன்னால் வர வேண்டும். "அடுப்பை அணையுங்கள். பூஜை விளக்கு, ஊதுவத்தி உட்பட எரியும் எல்லாவற்றையும் அணையுங்கள். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்." இதற்குப் பிறகுதான் ரெகுலேட்டர். எரிவாயுக் கசிவுக்கான 1906 என்ற அவசர எண்ணும் தலைப்பை ஒட்டியே இருக்க வேண்டும். வாடை அடிக்கும் வீட்டில் நின்றுகொண்டு யாரும் கடைசி வரிவரை படிக்க மாட்டார்கள்.

முதல் பயிற்சியாக எதைக் கொடுக்கலாம்?

வளாகத்துக்குள் இருக்கும் ஒரு பொருள், அதை உண்மையிலேயே பயன்படுத்தும் ஒரு மனிதர். இரண்டும் இருந்தால் போதும். நான் வழக்கமாகக் கொடுப்பது விடுதியின் தண்ணீர் மோட்டார். இரவுக் காவலர் விடியற்காலையில் அதைப் போட வேண்டும். வழக்கமான காவலர் விடுப்பில் போனால் புதியவருக்கு ஒன்றும் தெரியாது. விடுதி முழுக்கக் குளிக்கத் தண்ணீர் இருக்காது. பயிற்சியின் அவசியத்தை மாணவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை.

முதல் வரைவு அநேகமாக இப்படித் தொடங்கும்: "மின்மோட்டார் என்பது மின்னாற்றலை இயந்திர ஆற்றலாக மாற்றும் ஒரு கருவியாகும்." காலை நான்கரை மணிக்கு டார்ச்சோடு நிற்கும் காவலருக்கு இந்தச் செய்தி! மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. எந்த விடையையும் வரையறையில் தொடங்கச் சொல்லிக் கொடுத்தவர்கள் நாம்தான்.

இரண்டு மூன்று வரைவுக்குப் பின் ஒரு குழு எழுதியது ஏறக்குறைய இப்படி இருந்தது. "பெட்டியின் மேல் வரிசையில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீல விளக்குகள் மூன்றும் எரிகின்றனவா என்று பாருங்கள். ஒன்று எரியாவிட்டாலும் மோட்டாரைப் போடாதீர்கள், எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மூன்றும் எரிந்தால் பச்சைப் பொத்தானை அழுத்துங்கள். தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்வரை அங்கேயே நில்லுங்கள். சத்தம் கேட்காவிட்டால் சிவப்புப் பொத்தானை அழுத்தி நிறுத்துங்கள்." அந்த விளக்குகள் காட்டும் மூன்று பேஸில் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில்) ஒன்று இல்லாமல் மோட்டாரைப் போட்டால் அது உறுமிக்கொண்டே நின்று கம்பிச்சுருள் எரிந்துவிடும் என்பதை ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அவர் அதைத் தெரிந்துகொண்டு என்ன சார் செய்யப் போகிறார்? போடாமல் இருந்தால் போதாதா?" என்றான் ஒரு பையன். எனக்கு முழுச் சம்மதமில்லை. காரணம் தெரிந்தவர்தான் விதியை மீற மாட்டார் என்பது என் கட்சி. ஆனால் அது வாதிடத் தகுந்த இடம், அதைவிட வகுப்புக்கு என்ன வேண்டும்?

பிறகு காவலரிடம் தாளைக் கொடுத்தோம். அவர் பெட்டி முன் போய் நின்றார். நீல விளக்கு எரியவில்லை. தாளில் உள்ளபடி மோட்டாரைப் போட மறுத்துவிட்டார். எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்தால் மூன்று பேஸும் ஒழுங்காக இருக்கின்றன, பல்பு மட்டும் போயிருக்கிறது. பல மாதங்களாகவே அப்படித்தானாம். பழைய காவலருக்குத் தெரியும், அதனால் அவர் அதைப் பொருட்படுத்துவதில்லை. மாணவர்கள் உடனே பேனாவை எடுத்து "நீல விளக்கு எரியாவிட்டாலும் பரவாயில்லை" என்று திருத்தக் கிளம்பினார்கள். தடுத்தேன். மாற்ற வேண்டியது பல்பை. கையேட்டை எழுத உட்காரும்போது கருவியின் குறை வெளியே வருவது இந்தத் தொழிலில் அன்றாட நிகழ்ச்சி. நல்ல நிறுவனங்களில் எழுத்தாளரை வடிவமைப்புக் கூட்டத்துக்கே அழைப்பது இதனால்தான்.

அறுபது பேர் இருக்கும் வகுப்பில் இதையெல்லாம் எப்படித் திருத்துவது?

நீங்கள் திருத்தாதீர்கள், வாசகர்கள் திருத்தட்டும். ஒரு குழு எழுதியதை வேறு துறை மாணவர் ஒருவர் செய்து பார்க்க வேண்டும். எழுதியவர்கள் பக்கத்தில் நிற்கலாம், வாய் திறக்கக் கூடாது. இந்த ஒரு விதிதான் மிகக் கடினமானது. படிப்பவர் தவறான பொத்தானை நோக்கிக் கையை நீட்டும்போது எழுதியவரின் உதடு துடிப்பதைப் பார்க்க வேண்டும். படிப்பவர் எங்கே நின்றார், எந்த வரியை இரண்டாம் முறை படித்தார், எங்கே "இதுவா?" என்று கேட்டார் என்று குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். வாசகர் எண்ணிக்கையைப் பற்றிக் கவலை வேண்டாம். ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் தெரிந்துவிடும் என்று 2000ஆம் ஆண்டிலேயே நீல்சன் எழுதினார். கல்லூரியில் மூன்று பேர் கிடைத்தாலும் போதும்.

மதிப்பெண்ணை முதல் வரைவுக்குக் கொடுக்காதீர்கள். சோதனைக் குறிப்புக்கும் இரண்டாம் வரைவுக்கும் இடையே என்ன மாறியது என்பதற்குக் கொடுங்கள். இந்தக் குறிப்புகளைச் சீனியர் நோட்டிலிருந்து பார்த்து எழுத முடியாது என்பது கூடுதல் லாபம்.

அப்படியானால் இலக்கணப் பிழையை விட்டுவிடலாமா?

பொருளை மாற்றும் பிழையை விடக்கூடாது. மற்றவற்றைக் கடைசி வரைவில் பார்த்துக்கொள்ளலாம். முதல் வரைவிலேயே சிவப்பு மையைக் கொட்டினால் மாணவர் தனக்குத் தெரிந்த நாலு வாக்கியத்துக்குள் ஒளிந்துகொள்வார்.

பவர்பாயின்ட் கற்பிக்க வேண்டுமா? எல்லாச் செமினாரும் அதில்தான் நடக்கிறது.

கற்பியுங்கள். ஆனால் கொலம்பியா விண்கலத்தின் கதையிலிருந்து தொடங்குங்கள். 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்டபோது வெளித்தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. விண்கலம் சுற்றுப்பாதையில் இருக்கும்போதே பொறியாளர்கள் சேதத்தைக் கணித்து அதிகாரிகளுக்குச் சில ஸ்லைடுகள் தயாரித்தார்கள். அவற்றில் ஒன்றின் தலைப்பு, முந்தைய சோதனைகளைப் பார்த்தால் நிலைமை பாதுகாப்பான பக்கமாகவே இருக்கிறது என்ற எண்ணத்தைத் தந்தது. அதே ஸ்லைடின் அடியில், புள்ளிக்குள் புள்ளியாக, சின்ன எழுத்தில் கடைசி வரி: மோதியதன் கன அளவு 1920 கன அங்குலம், சோதனையில் பயன்படுத்தியது 3 கன அங்குலம்.

மாணவர்களை வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 640 மடங்கு. சோதனை எதையுமே நிரூபிக்கவில்லை என்பதுதான் அந்த ஸ்லைடின் உண்மையான செய்தி; அது தலைப்பில் இல்லை. பிப்ரவரி 1 அன்று விண்கலம் தரையிறங்கும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். தகவல் வடிவமைப்பு அறிஞர் எட்வர்டு டஃப்டி அந்த ஸ்லைடை வரி வரியாகப் பிரித்துக் காட்டினார். விசாரணைக் குழுவின் அறிக்கையும், தொழில்நுட்ப அறிக்கை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடுகளைப் பயன்படுத்தும் பழக்கத்தைக் கண்டித்தது. ஸ்லைடுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்லிவிடாதீர்கள். காரணங்கள் பல, நிர்வாகத்தின் மனப்போக்கு அவற்றில் பெரியது. ஆனால் அந்தத் தலைப்பை மாற்றி எழுதச் சொன்னால், ஒரு பருவம் முழுக்க நடத்தியும் ஏறாத பாடம் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடும்.

இணையப் பக்கத்தை எப்படித் தொடங்கச் சொல்வது? முன்னுரை வேண்டாமா?

புத்தகத்துக்கு வாசல் ஒன்று. இணைய ஆவணத்துக்கு ஒவ்வொரு பக்கமும் வாசல்தான். தேடுபொறி வாசகரை நாற்பதாம் பக்கத்தில் நேரே கொண்டுவந்து இறக்கிவிடும். முதல் பக்கத்தில் நீங்கள் சொன்ன "இந்தக் கையேடு நான்காம் பதிப்புக்கு மட்டும்" என்பது அவர் கண்ணில் படவே இல்லை. ஆகவே எந்தப் பொருள், எந்தப் பதிப்பு, யாருக்கு, இந்தப் பக்கம் முடியும்போது கையில் என்ன இருக்கும் என்பதை ஒவ்வொரு பக்கத்தின் முதல் இரண்டு மூன்று வரியில் சொல்லிவிட வேண்டும். "மேலே கண்டபடி", "முந்தைய அத்தியாயத்தில் விளக்கியவாறு" என்ற சொற்றொடர்களுக்கு இங்கே இடமில்லை. இவ்வளவுதான்.

என்னென்ன மென்பொருள் கற்பிக்க வேண்டும்?

மார்க்டவுன். ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட இந்த எளிய குறியீட்டு முறையில்தான் இன்று மென்பொருள் ஆவணங்களில் பெரும்பகுதி எழுதப்படுகிறது. அதோடு கிட் என்னும் பதிப்பு மேலாண்மைக் கருவியில் மாற்றங்களைச் சேமிக்கவும் அனுப்பவும் தெரிந்தால் போதும். கணினித் துறை மாணவர் ஒருவரையே அதற்குப் பாடம் எடுக்கச் சொல்லலாம், அவருக்கும் பெருமை. பெரிய நிறுவனங்களில் டீட்டா என்ற முறை உண்டு. ஐபிஎம்மில் பிறந்து 2005இல் பொதுத் தரமானது; ஒரே பத்தியை எழுதிவைத்துப் பத்துக் கையேடுகளில் பயன்படுத்தலாம். அதன் பெயரும் நோக்கமும் தெரிந்தால் போதும், மீதியை வேலைக்குச் சேர்ந்தபின் கற்றுக்கொள்வார்கள். விலை உயர்ந்த மென்பொருளைக் கல்லூரி வாங்கித் தரவில்லை என்று வருந்தாதீர்கள். கருவி ஐந்தாண்டில் மாறும்.

பார்வையற்ற வாசகர்களுக்காகத் தனியாக ஏதாவது கற்பிக்க வேண்டுமா?

தனியாக வேண்டாம், முதல் நாளிலிருந்தே சேர்த்துக் கற்பியுங்கள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை ஒரு கணினியில் நிறுவுங்கள், தமிழையும் படிக்கும். திரையை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்தின் இணைப்புகளை மட்டும் படிக்கவிடுங்கள். "இங்கே கிளிக் செய்யவும். இங்கே கிளிக் செய்யவும். இங்கே கிளிக் செய்யவும்." மூன்றாவது முறையில் வகுப்பு சிரித்துவிடும். அதன்பின் யாரும் அப்படி எழுத மாட்டார்கள். "2024 கட்டண விவரம்" என்று இணைப்புக்குப் பெயர் வைப்பார்கள்.

அடுத்து, ஸ்கேன் செய்து ஏற்றிய ஒரு சுற்றறிக்கையைத் திறந்து காட்டுங்கள். மென்பொருள் மௌனமாக இருக்கும். அது எழுத்தல்ல, எழுத்தின் படம். பழைய தமிழ் எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்புகளின் கதை இன்னும் மோசம்: கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துக் குப்பை. தமிழ்நாடு அரசு 2010இலேயே ஒருங்குறியை (யூனிகோடை) ஏற்றுக்கொண்டது. இன்றும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதம் புறப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

தமிழில் தொழில்நுட்ப எழுத்தைக் கற்பிக்க முடியுமா? ஆங்கிலப் பாடம்தானே இது?

பாடத்திட்டத்தில் ஆங்கிலம். வளாகத்தில் யார் படிக்கிறார்கள் என்று பாருங்கள்: காவலர், எலெக்ட்ரீஷியன், கேன்டீன் ஊழியர், பெற்றோர். அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடவியல், இயந்திரவியல் படிப்புகளைத் தமிழ் வழியிலும் தொடங்கியது. அந்த மாணவர்களும் நாளை ஒர்க்‌ஷாப்பில் தமிழில்தான் சொல்லிக்கொடுப்பார்கள். இரண்டு மொழியிலும் எழுதச் செய்வதில் ஒரு பலன் உண்டு. ஆங்கிலத்தில் சுற்றி வளைக்கும் மாணவர், தமிழில் எழுதும்போது தனக்கே அந்தச் செய்முறை புரியவில்லை என்பதைக் கண்டுகொள்கிறார்.

தமிழுக்கு இதில் ஓர் இயல்பான வசதியும் ஓர் இயல்பான ஆபத்தும் இருக்கின்றன. "சிவப்பு விளக்கு எரிந்தால் நிறுத்துங்கள்" என்று நிபந்தனை முன்னே வருவது நமக்கு இயற்கை. ஆங்கிலத்தில் அதைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து, வினை கடைசியில் வருவது. "மூடியைத் திறந்து, உள்ளே உள்ள வடிகட்டியை எடுத்து, ஓடும் நீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, மீண்டும் பொருத்தி மூடவும்" என்று எச்சங்களை அடுக்கிக்கொண்டே போனால் ஆறு வேலைகள் ஒரே வாக்கியத்தில் அடைபட்டுவிடும். படிப்பவர் கழுவிவிட்டுத் திரும்பி வரும்போது எந்த இடத்தில் விட்டோம் என்று தேட வேண்டும். விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கான எளிய ஆங்கில விதிமுறையில் ஒரு செய்முறை வாக்கியத்துக்கு 20 சொற்கள்தான் உச்சவரம்பு. தாய்மொழி ஆங்கிலமல்லாத மெக்கானிக்குகளை மனத்தில் வைத்து உருவான விதி அது. தமிழில் சொற்கள் ஒட்டி நீள்வதால் நான் பன்னிரண்டோடு நிறுத்தச் சொல்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு எல்லாவற்றையும் எழுதித் தருகிறதே, இனி எதற்கு இந்தப் பாடம்?

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்தது. அடுத்த மாதமே, நிரலாளர்கள் கேள்வி கேட்கும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் அது எழுதிய விடைகளுக்குத் தடை போட்டது. பார்த்தால் சரியான விடைபோல இருக்கின்றன, தவறுகளோ மிகுதி என்பதே காரணம். அந்தக் கருவிகள் அதன்பின் மிகவும் தேறிவிட்டன என்பதை மறுக்க முடியாது. பொதுவான விஷயமென்றால் நம் மாணவர்களில் பலரைவிட நன்றாகவே எழுதுகின்றன.

ஆனால் விடுதி மோட்டாரைப் பற்றி ஒரு மாணவி அதனிடம் எழுதி வாங்கி வந்தாள். படிக்க அழகாக இருந்தது. இரண்டாவது படியில் "வோல்ட்மீட்டரின் தேர்வுக் குமிழைத் திருப்பி மூன்று பேஸ்களையும் சரிபாருங்கள்" என்று இருந்தது. எங்கள் பெட்டியில் அப்படியொரு குமிழே கிடையாது. பல பெட்டிகளில் இருக்கும். கருவி அந்தப் பொதுவான பெட்டியைப் பற்றி எழுதியிருக்கிறது. பல்பு போன கதையும் அதற்குத் தெரிய வழியில்லை. எனவே தடை போடாதீர்கள். எழுதி வாங்கட்டும், பொருளின் முன் நின்று ஒவ்வொரு வரியையும் சரிபார்க்கட்டும், எது பொய் என்று குறித்துத் தரட்டும். அந்தக் குறிப்புக்கே மதிப்பெண் கொடுங்கள். இணையத்தில் எங்கும் கிடைக்காத பொருளைப் பயிற்சியாகக் கொடுப்பது முக்கியம். "உலக வெப்பமயமாதலைத் தடுக்க எட்டுப் பரிந்துரைகள்" என்று கேட்டால் கருவியே முழு மதிப்பெண் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?

சென்னை, பெங்களூரு, ஹைதராபாத், புனே நகரங்களில் டெக்னிக்கல் ரைட்டர் என்ற பெயரிலேயே வேலைகள் இருக்கின்றன. செயலிகளின் திரைவரிகளை எழுதும் யூஎக்ஸ் ரைட்டர் வேலையும் உண்டு. துறை நெருக்கடியில் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். 1953இல் வேர்விட்ட அமெரிக்கத் தொழில்நுட்பத் தொடர்பாளர் சங்கம் 2025 ஜனவரியில் இழுத்து மூடப்பட்டது. மறுபக்கம், 2013இல் போர்ட்லண்டில் தொடங்கிய ரைட் தி டாக்ஸ் போன்ற கூட்டங்களில் நிரலாளர்களும் எழுத்தாளர்களும் ஒன்றாக உட்காருகிறார்கள். வேலைக்குப் போகும் மாணவர் சான்றிதழைவிட மூன்று நல்ல பக்கங்களைக் கையில் வைத்திருப்பது மேல். திறமூல மென்பொருள் ஒன்றின் நிறுவல் குறிப்பைத் தன் கணினியில் செய்து பார்த்து, தடுக்கிய இடத்தைத் திருத்தி அனுப்பினால் அது உலகம் பார்க்கும் மாதிரியாக நிற்கும். எல்லோருமே எழுத்தாளராக வேண்டியதில்லை. எழுதத் தெரிந்த பொறியாளருக்கு எந்த நிறுவனத்திலும் மதிப்பு தனி.

நான் படித்தது ஆங்கில இலக்கியம். மோட்டாரும் லேத்தும் எனக்கு எப்படித் தெரியும்?

தெரியாமல் இருப்பது உங்களுக்கு வசதி. தெரிந்தவருக்கு எது புதியது என்பது மறந்துபோயிருக்கும். நீங்கள்தான் "இந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?" என்று கூச்சமில்லாமல் கேட்க முடியும்.

யாரிடம் கேட்பது என்பதில் மட்டும் கவனம் வேண்டும். துறைத் தலைவரிடம் போனால் இயந்திரத்தின் கோட்பாட்டைச் சொல்வார். ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டரிடம் போங்கள், முடிந்தால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இயந்திரங்கள் ஓடாத நேரத்தில். பசங்கள் வழக்கமாக எங்கே தப்பு செய்கிறார்கள், எந்தச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துவீர்கள், எதைத் தொட்டால் திட்டுவீர்கள் என்று கேளுங்கள். அவர் வாயால் சொல்வதை எழுதிக்கொண்டபின், செய்து காட்டச் சொல்லுங்கள். சொன்னதில் இல்லாத ஏதோ ஒன்றை, லேத்தில் வேலைப்பொருளை இறுக்கும் சக் சாவியை ஓரமாக எடுத்து வைப்பதையோ சட்டைக் கையை மடித்துவிடுவதையோ, அவர் கை தானாகவே செய்யும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.